கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.பி.எச்.: டர்பனில் செல்லுமா?

கேள்வி: நான் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். நான்கு வருட நர்ஸிங் பட்டம் முடித்து அரசு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் (எம்.பி.எச்.) படிக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. சபையில் ஒருவர் அமெரிக்காவில் உள்ள ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைச் சொன்னார். முழுக்க ஆன்லைன், நுழைவுத் தேர்வும் இல்லையாம். நாங்கள் பெந்தெகொஸ்தே, அவர்கள் வேறு சபை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். இந்தப் பட்டம் இங்கே செல்லுமா? சம்பளம் கூடுமா? பிறகு டர்பனிலேயே பி.எச்.டி. செய்ய விடுவார்களா? வேலையை விடாமல் முடிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளில் பி.எச்.டி. பற்றியதுதான் எந்தப் பல்கலைக்கழகம் என்பதையே முடிவு செய்யப்போகிறது. ஆனாலும் சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறான கணக்குப் போட்டுப் பலர் கடன் வாங்குவது அங்கேதான்.

அரசு நர்ஸுகளுக்கான ஓ.எஸ்.டி. ஊதிய முறையில் 'ஸ்பெஷாலிட்டி' நிலை என்பது நர்ஸிங் கவுன்சிலில் பதிவாகும் மருத்துவச் சிறப்புப் படிப்புகளோடு கட்டப்பட்டது. ஆர் 212 விதியின்கீழ் வந்த ஓராண்டுப் படிப்புகள் அந்த வகை. எம்.பி.எச். அந்த வரிசையில் வராது. சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்ததாலேயே சம்பளச் சீட்டில் எதுவும் மாறாது. எம்.பி.எச். திறந்துவிடுவது வேறு வகை வேலைகளை: மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் காசநோய், எச்.ஐ.வி., தாய்சேய் நலத் திட்டங்களை நடத்தும் பொறுப்புகள், தரவுக் கண்காணிப்பு, ஆராய்ச்சி நிறுவனப் பணிகள். இவற்றுக்கு விளம்பரம் வரும்போது போட்டியிட்டுத்தான் போக வேண்டும். 2025-இல் அமெரிக்க நிதி நின்றபோது எச்.ஐ.வி. பணியில் இருந்த ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அனுபவமுள்ள அவர்களும் இன்று அதே பதவிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே அரசு வேலையை விட்டுவிட்டுப் படிக்க நினைக்காதீர்கள். வீட்டை அடமானம் வைத்தும் படிக்க வேண்டாம்.

அடுத்தது, பட்டம் செல்லுமா என்பது. 'அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரத்தில் இருந்தால் போதாது, இரண்டு அடுக்கு பார்க்க வேண்டும். முதல் அடுக்கு பல்கலைக்கழகம் முழுவதற்குமான அங்கீகாரம். அதை அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் பொதுத் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம். இரண்டாவது, பொதுச் சுகாதாரப் படிப்புகளை மட்டும் மதிப்பிடும் 'செஃப்' (CEPH) என்ற அமெரிக்கக் கவுன்சிலின் அங்கீகாரம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் செஃப் பட்டியலில் இருக்கும், ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆன்லைன் பிரிவு அந்த அங்கீகாரத்துக்குள் அடங்காமல் இருக்கலாம். 'விண்ணப்ப நிலையில் உள்ளது' என்று போட்டிருந்தால் இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். கலிஃபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் சபையினர் நடத்தும் லோமா லிண்டா, டெக்சஸில் பாப்டிஸ்ட் மரபில் வந்த பேலர் போன்றவை ஆன்லைனில் எம்.பி.எச். நடத்தும் பெயர்பெற்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டது எதுவானாலும் சோதனை இதேதான்.

சபைகளின் வழியாக வரும் விளம்பரங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் சில மாநிலங்களில், ஊழியப் பயிற்சி தரும் மத நிறுவனங்கள் அரசு உரிமம் இல்லாமலே மதம் சார்ந்த பட்டங்களைக் கொடுக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு பொதுச் சுகாதாரப் பட்டத்துக்கானது அல்ல. 'வாழ்க்கை அனுபவத்துக்குக் கிரெடிட்' என்று சொல்லி ஆறு மாதத்தில் மாஸ்டர்ஸ் தருகிறவர்களிடம் போகவே வேண்டாம். பொய்யான தகுதியைக் காட்டி வேலை பெறுவதை 2019-இன் தகுதிக் கட்டமைப்புத் திருத்தச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. நம்பி ஏமாந்தவரும் விசாரணையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கே வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடுவது தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா. நம் தகுதிக் கட்டமைப்பில் மூன்று வருடப் பட்டம் நிலை 7, ஹானர்ஸும் நான்கு வருடத் தொழிற்பட்டமும் நிலை 8, மாஸ்டர்ஸ் நிலை 9, முனைவர் பட்டம் நிலை 10. உங்கள் நான்கு வருட நர்ஸிங் பட்டம் நிலை 8 என்பதால் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. நிலை 7 மட்டும் உள்ளவரையும் அமெரிக்காவில் சில இடங்களில் எம்.பி.எச்.-இல் சேர்த்துக்கொள்ளலாம், இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பொதுவாக நிலை 8 கேட்கும். நான்கு வருட டிப்ளமா மட்டும் வைத்திருக்கும் உங்கள் தோழிகள் யாராவது இதைப் படித்தால், அதை அங்கே இளநிலைப் பட்டமாக ஏற்பார்களா என்று முதலில் எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி பி.எச்.டி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் நாட்டில் மாஸ்டர்ஸ் என்றால் குறைந்தது 180 கிரெடிட், ஒரு கிரெடிட் பத்து மணி நேர உழைப்பு. பாடங்களும் குறு ஆய்வேடும் சேர்ந்த மாஸ்டர்ஸில் குறைந்தது 60 கிரெடிட், அதாவது அறுநூறு மணி நேரம், ஆய்வு செய்து எழுதுவதற்கே போக வேண்டும். செஃப் கேட்பது குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட். ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து ஏறத்தாழ 45 மணி நேரம் வைத்தால் மொத்தம் 1,890 மணி நேரம் ஆகிறது. நம் கணக்கில் 189 கிரெடிட். அளவில் குறையில்லை, குறை உள்ளமைப்பில்தான் வரும். அமெரிக்க எம்.பி.எச். என்பது தொழிற்பட்டம். அதன் கடைசியில் 'ஒருங்கிணைப்புப் படைப்பு' என்று தரமான எழுத்துப் பணி ஒன்று உண்டு, ஆனால் அது ஆய்வேடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கொள்கைக் குறிப்பாகவோ, திட்ட மதிப்பீட்டு அறிக்கையாகவோ மூன்று கிரெடிட்டில் முடிந்துவிடலாம். அதை எடுத்துக்கொண்டு இங்கே பி.எச்.டி.-க்குப் போனால், 'உங்கள் ஆய்வேடு எங்கே?' என்பார்கள். சாக்வா அதை மாஸ்டர்ஸ் என்றே மதிப்பிட்டிருந்தாலும், யாரைச் சேர்ப்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு.

எனவே சேருவதற்கு முன்பே இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம்: ஆய்வேடு எழுதும் வழி இருக்கிறதா, அதற்கு எத்தனை கிரெடிட், ஆன்லைன் மாணவருக்கும் அது உண்டா, மேற்பார்வையாளர் யார்? குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் போல நீங்கள் பி.எச்.டி. செய்ய விரும்பும் இடத்திடம்: இன்ன பாடத்திட்டம், இவ்வளவு கிரெடிட் ஆய்வு உள்ள வெளிநாட்டு எம்.பி.எச்.-ஐ ஏற்பீர்களா? பாடத்திட்டப் பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். தொலைபேசியில் 'பிரச்சினை இல்லை மேடம்' என்று கேட்டதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், எழுத்தில் வரட்டும். இரண்டாவது பதில் சாதகமாக வராவிட்டால், பெல்வில்லில் உள்ள வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அவர்களின் பொதுச் சுகாதாரப் பள்ளி நெடுங்காலமாகத் தொலைநிலையில் எம்.பி.எச். நடத்துகிறது, குறு ஆய்வேடும் உண்டு, கட்டணம் ராண்டில். பி.எச்.டி.தான் உங்கள் உண்மையான இலக்கு என்றால் நான் முதலில் அங்கேதான் விண்ணப்பிக்கச் சொல்வேன். சபை ஊழியத்தோடு சேர்ந்த சுகாதாரப் பணிதான் இலக்கு என்றால் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

பணம். உதாரணத்துக்கு ஒரு கிரெடிட் 600 டாலர் என்று வைப்போம். 42 கிரெடிட்டுக்கு 25,200 டாலர். டாலர் 17 ராண்ட் என்றால் 4,28,400 ராண்ட், 19 ராண்ட் என்றால் 4,78,800. இரண்டு ராண்ட் ஏறினால் ஐம்பதாயிரம் கூடுகிறது, அதுவும் படிப்பின் நடுவில். ஆகவே மொத்தக் கட்டணத்தை அல்ல, ஒரு பாடத்துக்கு எவ்வளவு என்று பார்த்து, அடுத்த இரண்டு பாடங்களுக்கான தொகை கையில் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாக வரும் தொழில்நுட்பக் கட்டணத்தையும் கேட்டு வையுங்கள். வங்கி வழியாக அனுப்பும்போது, இடைப்பட்ட வங்கிகளின் கட்டணம் எல்லாம் அனுப்புபவருக்கே என்ற தெரிவைக் குறியுங்கள். இல்லாவிட்டால் வழியில் இருபது முப்பது டாலர் கழிந்து போய்ச் சேரும், அந்தச் சிறு பாக்கிக்காக அடுத்த பருவப் பதிவு முடங்கும். மாணவர் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுத மறக்காதீர்கள். அமெரிக்க அரசின் மாணவர் கடன் வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. நம் அரசின் மாணவர் நிதித் திட்டமான நெஸ்ஃபாஸும் இதற்கு உதவாது. மாகாணச் சுகாதாரத் துறையின் பணியாளர் உதவித்தொகை வெளிநாட்டு ஆன்லைன் படிப்புக்கு உண்டா என்று மனிதவளப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். கிடைத்தால் அதற்கு ஈடாக எத்தனை வருடம் துறையில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

வேலையோடு முடிக்க முடியுமா? முடியும், ஒரு நேரத்தில் ஒரே பாடம் என்றால். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 135 மணி நேரம். பதினாறு வாரப் பருவத்தில் வாரம் எட்டரை மணி நேரம்தான். ஆனால் ஆன்லைன் படிப்புகள் பலவும் எட்டு வாரப் பருவம், அப்போது வாரம் பதினேழு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு பாடம் ஒன்றாக எடுத்தால் முப்பத்துநான்கு. நாற்பது மணி நேர வேலைக்கும் பிள்ளைகளுக்கும் மேல் இது நடக்காது. சேர்க்கை ஆலோசகர் 'பதினெட்டு மாதத்தில் முடிக்கலாம்' என்று சொல்வது முழுநேர மாணவருக்கு. எட்டு வாரத்துக்கு ஒரு பாடம் வீதம் பதினான்கு பாடம் என்றால் 112 வாரம். இடைவெளிகளும் சேர்ந்து இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும் என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். மற்றவற்றோடு கலந்து எடுக்கக் கூடாத பாடம் உயிரியல் புள்ளியியல். பலர் படிப்பை விடுவது அங்கேதான். சேருமுன் விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கி, இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சராசரி, திட்ட விலக்கம், கை-வர்க்கச் (chi-square) சோதனை வரை செய்து பழகுங்கள்.

கெடு நேரம் இன்னொரு கண்ணி. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு இரவு 11:59 என்றால் நமக்குத் திங்கள் காலை 5:59. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடிகாரம் மாறுவதால் அது 6:59 ஆகும். கலிஃபோர்னியா நேரமானால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளும். கேன்வாஸ் போன்ற பாடத் தளத்தில் உங்கள் கணக்கு அமைப்புக்குள் போய் நேர மண்டலத்தை முதல் நாளே நம் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், கெடுவெல்லாம் டர்பன் நேரத்திலேயே காட்டும். நேரலை வகுப்பு கட்டாயமா என்பதையும் கேளுங்கள். அங்கே மாலை ஏழு மணி என்பது இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி அல்லது இரண்டு மணி. கேமரா கண்காணிப்புத் தேர்வுகளின்போது மின்சாரம் போனால் தேர்வே செல்லாமல் போகலாம், ஆகவே ரவுட்டருக்கு ஒரு சிறு யு.பி.எஸ்., கைபேசியில் மாற்று டேட்டா, இரண்டும் இருக்கட்டும்.

சபை வேறு என்பதைப் பற்றித் தயங்க வேண்டாம். இப்படிப்பட்ட பெரிய பல்கலைக்கழகங்களில் பிற சபையினரும் பிற மதத்தினரும் படிக்கிறார்கள். ஆனால் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் நடத்தை விதிகளை ஏற்பதும் ஒன்றல்ல. பொதுவாக முன்னதை ஆசிரியர்களிடம் கேட்பார்கள், பின்னதை மாணவர் எல்லாரிடமும். மாணவர் கையேட்டைத் தரவிறக்கி எது உங்களிடம் கேட்கப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள். மதம் அல்லது நெறிமுறை சார்ந்த பாடம் ஒன்று கட்டாயமாக இருக்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு. அட்வென்டிஸ்ட் நிறுவனமானால் வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஓய்வுநாள், அந்நேரத்தில் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. நமக்கு நேர வித்தியாசமும் சேர்வதால் சந்தேகங்களை வியாழனுக்குள் கேட்டுவிடுங்கள்.

விவாதப் பதிவுகளில் விசுவாசத்தை இணைத்து எழுதச் சொல்வார்கள். அங்கே வசனத்தை அலங்காரமாகக் கடைசியில் ஒட்டினால் மதிப்பெண் குறையும். காசநோய் சிகிச்சையைப் பாதியில் விடுவோர் பற்றிய கேள்வி என்று வையுங்கள். நோயாளி ஏன் திரும்பி வரவில்லை, பயணச் செலவா, வேலையா, மருந்தின் பக்கவிளைவா என்று சான்றோடு எழுதுங்கள். பிறகு லூக்கா 10-இல் நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றதைக் காட்டுங்கள். தொடர் கவனிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. கருத்தடை, கருக்கலைப்பு, எச்.ஐ.வி. தடுப்பு போன்ற தலைப்புகளில் பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடும் நம் நாட்டுச் சட்டமும் ஒத்துப்போகாத இடங்கள் வரும். 1996-இன் கருக்கலைப்புத் தேர்வுச் சட்டம் ஓர் உதாரணம். சட்டம் என்ன, தரவு என்ன, உங்கள் நிலை என்ன என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் எந்த ஆசிரியரும் மறுக்க இடமிராது.

பாட உதாரணங்கள் பெரும்பாலும் மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்று அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் பற்றியே இருக்கும், நம்முடைய மாவட்டச் சுகாதார அமைப்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். சிட்னி கார்க்கும் எமிலி கார்க்கும் 1940-இல் நம் நட்டாலில் பொலேலாவில் தொடங்கிய சுகாதார நிலையம்தான் சமூகம் சார்ந்த ஆரம்ப சுகாதாரத்தின் முன்னோடி. அமெரிக்கச் சமூகச் சுகாதார நிலையங்களை உருவாக்கிய ஜாக் கைகர் மாணவராக இருந்தபோது அங்கே வந்து கற்றுப்போனவர். மிஷன் மருத்துவம் பற்றி எழுத வேண்டுமானால் 1909-இல் டர்பனில் தொடங்கிய மெக்கார்ட் மருத்துவமனை இருக்கிறது.

களப்பயிற்சியை டர்பனிலேயே செய்யலாம். செஃப் விதிப்படி குறைந்தது இரண்டு பயனுள்ள படைப்புகளை ஒப்படைக்க வேண்டும், அவை ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் உதவ வேண்டும். உங்கள் கிளினிக்கிலேயே செய்ய விரும்பினால், அன்றாட வேலைக்கு மேற்பட்ட பணியாக இருக்க வேண்டும் என்பார்கள். நீரிழிவு நோயாளிகளின் பாதப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் தணிக்கைப் படிவம் ஒன்று, அதை நிரப்ப ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சித் தொகுப்பு ஒன்று என்றால் இரண்டும் ஆயிற்று. டர்பன் இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால் சாட்ஸ்வர்த்துக்கு அது தேவையும்கூட. ஆனால் நோயாளிப் பதிவேட்டைப் படம் எடுத்துப் பாடத் தளத்தில் ஏற்றாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பொப்பியாவில் உடல்நலத் தகவல் சிறப்புப் பாதுகாப்புக்குரியது, நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு.

ஆய்வேடு என்றால் இன்னும் கவனம். மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி மட்டும் இங்கே போதாது. நம் தேசிய நெறிமுறைக் கவுன்சிலில் பதிவுபெற்ற ஓர் உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அரசு கிளினிக் என்றால் தேசியச் சுகாதார ஆராய்ச்சித் தரவுத்தளத்தின் வழியாக மாகாண அனுமதியும், கிளினிக் நிர்வாகத்தின் கடிதமும் வேண்டும். தரவு சேகரித்த பிறகு கேட்டால் ஒப்புதல் கிடைக்காது, சேகரித்ததெல்லாம் வீணாகும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணை மேற்பார்வையாளர் இருந்தால் அவர் வழியாக அங்குள்ள குழுவுக்குப் போகலாம், ஆய்வேட்டுப் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே அவரைத் தேடத் தொடங்குங்கள். ஆள் கிடைக்காவிட்டால் 2016 தென்னாப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வின் பெயர் நீக்கிய தரவைப் பதிவு செய்து பெற முடியுமா என்று பாருங்கள். நீரிழிவுக்கான ரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதில் உண்டு. ஒன்று மட்டும், அதில் இந்தியர்களின் எண்ணிக்கை சிறியது. நம்மவர்களை மட்டும் பிரித்து விழுக்காடு போட்டால் நம்பகமாக இருக்காது, குவாசுலு-நட்டால் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காகிதங்கள். விண்ணப்பத்துக்கு உங்கள் நர்ஸிங் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் பாடவாரியாக மதிப்பிட்டு அனுப்பச் சொல்வார்கள். நம் ஊர் மதிப்பெண் முறை அவர்களுக்குத் தெரியும், நீங்களாக ஜி.பி.ஏ. கணக்கிட்டு எழுத வேண்டாம். பட்டம் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயரிலும், அடையாள அட்டை கணவர் பெயரிலும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். கோவிந்தர் என்ற பெயரில் சேர்ந்து மூட்லி என்ற பெயரில் சாக்வாவுக்குப் போனால் கோப்பு மாதக்கணக்கில் நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே சேர்ந்து, திருமணச் சான்றிதழின் சான்றளித்த நகலை உடன் வையுங்கள். படிப்பு முடியும் பருவத்திலேயே, உங்கள் கல்விப் பதிவை சாக்வாவுக்கு உறுதிசெய்ய அனுமதிக்கும் ஒப்புதல் படிவத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி மாணவர் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் பதில் எழுத மாட்டார்கள்.